பட்டிப்பளை ஆறும் பழைய படங்களும்



ஒரு நாட்டின் சரித்திரத்தை ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும் தேடுவது வழக்கம். பழைய இடவிளக்கப் படங்களிலும் அதனைப் படிக்கலாம். 1800ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இலங்கை நில அளவைத் திணைக்களம், ஒரு மைல் நிலத்தை ஓர் அங்குலத்திற் காட்டும் படங்களை முன்னர் வெளியிட்டது. பின்னர் வந்தவை ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவின. இவ்விரண்டையும் அருகருகே விரித்தால், மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கேயுள்ள பள்ளத்தாக்கின் கதை விளங்கும்.

தமிழர் பட்டிப்பளை ஆறு என்றும், சிங்களவர் கல் ஓயா என்றும் வழங்கும் ஆற்றை நோக்குங்கள். இங்கினியாகலையில் சமவுயரக் கோடுகள் இருபுறமும் நெருங்க, குன்றுகளிடையே ஆறு ஒடுங்கிச் செல்கின்றது. அதற்கு மேற்கே அகன்ற தாழ்நிலம். அணைக்கு ஏற்ற இடம் இதுவே என்பதைப் படமே உணர்த்துகின்றது. 1949இல் தொடங்கிய திட்டத்தின்படி அணை அங்கேதான் எழுந்தது. புதிய படத்தில் அத்தாழ்நிலம் நீல நிறமாய், சேனநாயக்க சமுத்திரமாய்க் காண்கிறது. அந்நீரின் அடியிற் கிடக்கும் ஓடைகளையும் தடங்களையும் காட்டுவது பழைய படமே.

இப்பள்ளத்தாக்கை வெறுங்காடு என்று எண்ணியோர் பலர். ஆனால் பழைய படங்கள் பாழடைந்த குளங்களையும் குறித்துள்ளன. குளம் இருந்த இடத்தில் வயலும், வயல் இருந்த இடத்தில் குடியும் இருந்திருக்கும் அன்றோ? நில அளவைத் திணைக்களத்திற் பணியாற்றிய ஆர். எல். புரோகியர், 1934-35இல் இலங்கையின் பண்டை நீர்ப்பாசன வேலைகளைப் பற்றி மூன்று பாகங்களில் எழுதியவர். படம் வரைவோரின் கண்ணுக்கு அழிந்த கரையும் சான்றாகும் என்பதற்கு அவரே உதாரணம்.

இடப்பெயர்களும் அத்தகைய சான்றுகளே. மண்முனைத்துறை, அம்பிளாந்துறை என்பன எழுவான்கரையும் படுவான்கரையும் தோணியால் இணைந்திருந்த காலத்தை நினைவூட்டுகின்றன. மண்முனைத்துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை மக்கள் 'பாதை' எனும் மிதவையிலேயே வாவியைக் கடந்தனர். பாலம் வந்தது, துறை என்ற பெயர் நிலைத்தது.

எனினும் படத்திற்கும் ஓர் எல்லையுண்டு. அளவையாளர் கேட்ட பெயரே அதில் ஏறியது. கேளாத பெயர் ஏறவில்லை. ஒவ்வொரு வயல் வட்டைக்கும், மேய்ச்சல் தரைக்கும், ஆற்று மடுவுக்கும் ஊர்ப் பெரியோரிடம் ஒரு பெயருண்டு. அவர்களோடு அவை மறைந்தால் எந்தப் படமும் மீட்டுத் தராது. ஆகவே, உங்கள் ஊர்ப் படத்தை முதியவர் ஒருவர் முன் விரியுங்கள். அவர் சொல்லும் பெயர்களை மாணவர் அதில் எழுதட்டும். அதுவே நம் பள்ளத்தாக்கின் அடுத்த சரித்திர ஏடு.