எபிசோட்: சயான்ல தொலைஞ்ச ஒரு மணி நேரம்

போன எபிசோட்ல நிறைய பேர் கேட்டிருந்தீங்க: "ப்ரோ, ஒரே நாள்ல சயான் நேஷனல் பார்க் போயிட்டு வரலாமா?" வரலாம். ஆனா நான் பண்ண தப்பைப் பண்ணாம போங்க.

போன அக்டோபர்ல நாலு பேரா லாஸ் வேகஸ்ல தங்கியிருந்தோம். அங்கிருந்து சயான் சுமார் 260 கிலோமீட்டர், ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஓட்டணும். எங்க டார்கெட் ஏஞ்சல்ஸ் லேண்டிங். போக வர 8.7 கிலோமீட்டர், ஏற்றம் கிட்டத்தட்ட 450 மீட்டர். கடைசிப் பகுதியில குறுகலான பாறை முதுகு மேல சங்கிலியைப் பிடிச்சுத்தான் போகணும், ரெண்டு பக்கமும் பாதாளம். 2022 ஏப்ரல்லேருந்து அந்தப் பகுதிக்கு பெர்மிட் கட்டாயம், அதுவும் லாட்டரியில. எங்களுக்கு 9 மணிக்கு முன்னாடி ஏற ஆரம்பிக்கணும்னு கிடைச்சுது.

பிளான் போட்டது நான்தான். எக்செல் ஷீட் எல்லாம் வச்சு, 4 மணிக்குக் கிளம்பி 6:40-க்கு உள்ளே. பக்கா. செயின்ட் ஜார்ஜ் தாண்டும்போது போன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி தாவுச்சு. நெவாடா பசிஃபிக் நேரம், யூட்டா மவுண்டன் நேரம்! ஆபீஸ்ல டைம்ஸோன் பக் சரி பண்றதுதான் என் பொழப்பே. எனக்கே இந்த நிலைமை.

மத்தவங்க தூங்கிட்டிருந்தாங்க. நான் வாயே திறக்கல. லேட்டானதுக்கு "வழியில வேலை நடந்துச்சு மச்சி"ன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

பார்க் உள்ளே பார்க்கிங் ஃபுல். ஸ்பிரிங்டேல் ஊர்ல காசு கொடுத்து வண்டியை விட்டோம். சீசன்ல பள்ளத்தாக்குக்குள்ள சொந்த வண்டி போகாது, ஷட்டில்தான். வரிசையில நின்னு, கிராட்டோ ஸ்டாப்ல இறங்கும்போது மணி 8:50. "ஓடுங்கடா"ன்னேன். தண்ணி பிடிக்கவே இல்ல. நாலு பேருக்கு மூணு லிட்டர்தான் இருந்துச்சு.

வால்டர்ஸ் விகில்ஸ்னு 21 கொண்டை ஊசி வளைவு இருக்கு. அதை ஏறும்போதே என் காலேஜ் நண்பனுக்குத் தலை சுத்த ஆரம்பிச்சுது. ஸ்கவுட் லுக்அவுட் வரைக்கும் எப்படியோ வந்துட்டான். அதுக்கு மேலதான் சங்கிலி. "நீங்க போங்கடா, நான் உட்கார்ந்துக்கறேன்"னான். ரெண்டு பேரை அனுப்பிட்டு நான் அவன்கூட இருந்தேன்.

அங்கதான் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "ஒரு மணி நேரம் லேட்டானது பரவால்லடா. அப்பவே சொல்லியிருந்தா, முடிஞ்சா பார்ப்போம், இல்லன்னா வேற டிரெயில்னு நிதானமா வந்திருப்போம். தண்ணியாவது பிடிச்சிருப்போம்ல?"

பிளான் தப்பானதால அவன் மயங்கல. நான் மறைச்சதால மயங்கினான். ப்ரொடக்ஷன்ல பக் வந்தா உடனே சொல்லுன்னு ஜூனியர்களுக்கு கிளாஸ் எடுக்கிறவன் நான்.

சரி, நீங்க போறதா இருந்தா:

ஒண்ணு, எல்லா நேரத்தையும் யூட்டா நேரத்துல எழுதுங்க. சீசன் லாட்டரி கிடைக்கலன்னா முந்தின நாள் லாட்டரி இருக்கு, அதுவும் மவுண்டன் நேரம் 3 மணியோட மூடிடும்.

ரெண்டு, ஸ்கவுட் லுக்அவுட் வரைக்கும் பெர்மிட் தேவையில்ல. அங்கேயே காட்சி அள்ளும். அங்க திரும்பினாலும் தோல்வி இல்ல.

மூணு, ரோப் போட்டு கிளைம்பிங் பண்றவங்க மழை பெய்ஞ்ச உடனே ஏறாதீங்க. அது மணற்பாறை, நனைஞ்சா பலம் போயிடும், பிடி உடைஞ்சு கையோட வரும். வசந்த காலத்துல வல்லூறு கூடு கட்டுறதால சில பாறைகளை மூடி வைப்பாங்க, அதையும் பார்த்துக்கோங்க.

நாலு, தண்ணி. எவ்வளவு லேட்டானாலும் தண்ணி பிடிச்சிட்டு ஏறுங்க.

அந்த உச்சியை நான் இன்னும் பார்க்கல. அடுத்த தடவை அவனோடதான் போவேன். பிளான் அவன் போடுறானாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே!