மலையைக் காத்தவர் மலையால் வாழட்டும்!

(ஒத்தக்கடையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தோழர்களே!

ஒத்தக்கடைக்கு வருவோர் கண்முன்னே, படுத்த யானையெனக் கிடக்கிறது யானைமலை. வெறுங் கல்லா அது? கி.பி. 770-இல் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சன் மாறன்காரி, அதன் அடிவாரத்தைக் குடைந்து நரசிங்கப் பெருமாளுக்குக் கோயில் எடுத்தான். அவன் மறைந்தபின் தம்பி மாறன் எயினன் பணியை முடித்தான். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே சமணத் துறவியர் அங்கே உறைந்தனர் என்பதற்குத் தமிழ்பிராமிக் கல்வெட்டு சான்று பகர்கிறது.

2010-இல் இம்மலையிலே சிற்ப நகரம் அமைக்கத் திட்டமிட்டனர். மக்கள் எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. 2024 நவம்பரில், அருகிலுள்ள அரிட்டாபட்டிப் பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. 2025 சனவரி 7-ஆம் நாள், நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி உழவர் கூட்டம் திரண்டு நடந்தது. சனவரி 23-இல் ஏலம் கைவிடப்பட்டது.

காத்தோம், மகிழ்கிறோம். ஆனால், காத்தவன் வீட்டு அடுப்பு எரிய வழி என்ன? கல்லுடைக்கக் கூலி தருகிறேன் என்று நாளை ஒருவன் வந்தால், வேலையற்ற இளைஞனுக்கு என்ன விடை சொல்வோம்?

சுற்றுலா என்பர் சிலர். எந்தச் சுற்றுலா? வண்டி வெளியூருடையது, வழிகாட்டி வெளியூரான், உணவும் பொட்டலமாய் வெளியிலிருந்து வருகிறது. ஊருக்கு மிஞ்சுவது குப்பையும், சமணச் சிற்பத்தருகே கிறுக்கிய பெயர்களுந்தானா? அது சுற்றுலா அன்று, சூறையாடல்!

தேக்கடியைப் பாருங்கள். காட்டு மரங்களின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்துப் பிழைத்தோர், 1990-களில் பயிற்சி பெற்றுப் பயணிகளுக்கு வழிகாட்டிகளாயினர், காட்டுக்குக் காவலருமாயினர். காட்டை அறிந்தவன் கையிலே தொழிலும் வந்தது, மதிப்பும் வந்தது. பயிற்சியற்ற பயணம் என்ன செய்யும்? 2018 மார்ச்சில் குரங்கணி மலைத்தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே, மறந்தோமா? 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது, அவ்வவ்வூர் மக்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றியது. அந்த வழி நமக்கும் வேண்டும்.

2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது அரிட்டாபட்டி. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், 72 ஏரிகள், 200 நீர்ச்சுனைகள்! இவற்றைக் காட்டுபவனுக்குக் கல்வெட்டின் பொருள் தெரியவேண்டும். வல்லூறு கூடுகட்டும் பாறையருகே கூட்டத்தைக் கொண்டுபோகாத அறிவு வேண்டும். முதலுதவி, கணக்கு, விருந்தோம்பல் வேண்டும். மகளிர் குழுக்கள் உணவு சமைக்கட்டும், ஊர்ப்பிள்ளைகள் வழிகாட்டட்டும். 1965-இல் தோன்றிய வேளாண் கல்லூரி இதே ஒத்தக்கடையில் இருக்கிறது. மண்ணும் மரமும் கற்பிக்க ஆசிரியரைத் தொலைவில் தேடவேண்டுமா?

அளவும் வேண்டும். வண்டிகள் பெருகிய உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் தேவைப்பட்டது. அந்நிலை வருமுன், நாளொன்றுக்கு எத்தனை பேர் என்பதைக் கிராம சபையே வரையறுக்கட்டும்.

தோழர்களே! அடுத்த கிராம சபையிலே இதனைத் தீர்மானமாக்குங்கள். பயில விரும்பும் இளைஞர், பெண்டிர் பெயர்களைத் திரட்டுங்கள். உடைத்த மலை ஒருமுறைதான் கூலி தரும். உயிரோடு நிற்கும் மலை பேரப்பிள்ளைக்கும் சோறு போடும்!