ஒரு வெள்ளி மருந்தும் ஒரு நாள் கூலியும்

 

அரசாங்க சுகாதார நிலையங்களில் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீரிழிவு என்றதும் சோற்றைக் குறை, சீனியை விடு என்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் பேச வந்தது செலவைப் பற்றி.

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு உண்டு. குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி; மாத்திரையும் அதில் அடக்கம். பிறகு ஏன் பலர் பாதியில் மருந்தை விட்டுவிடுகிறார்கள்?

என் அண்ணன் கதையைச் சொல்கிறேன். அவர் லாரி ஓட்டுநர், நாள் கூலி. கிளினிக்குக்குப் போகும் நாள் கூலியில்லாத நாள். "உடம்பு நல்லாத்தானே இருக்கு தம்பி" என்பார். நீரிழிவு வலிக்காது, அதுதான் அதன் சூழ்ச்சி. "மாத்திரை சாப்பிடுகிறேன்" என்றார், நம்பினேன். ஊரார் அட்டையையெல்லாம் புரட்டிப் பார்த்த நான், அண்ணனின் அட்டையைக் கேட்டுப் பார்க்கவில்லை. இன்றும் என்னை உறுத்துவது அதுதான்.

இப்போது அவருக்கு டயாலிசிஸ். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். மூன்று மாதத்திற்கு ஒரு முறை என்றால், ஆண்டுக்கு நான்கு நாள் கூலிதான் போயிருக்கும். அதை மிச்சப்படுத்தியவர் இன்று ஆண்டுக்கு 156 நாட்களைக் கொடுக்கிறார். கட்டணத்திற்கு உதவி கிடைக்கிறது. போன நாட்களை யார் தருவார்? குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. வெளியூரில் பேத்தியின் திருமணம்; அன்று டயாலிசிஸ் நாள். அண்ணியும் போகவில்லை. நோய் ஒருவருக்கு, கட்டுப்பாடு இருவருக்கு.

இதைத் தடுத்திருக்க முடியுமா? இரண்டாம் வகை நீரிழிவு புதிதாகக் கண்டறியப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் கவனித்த பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு 1998-இல் வெளிவந்தது. தொடக்கத்திலிருந்தே சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகப் பாதிப்புகள் குறைந்தன என்று அது காட்டியது.

உங்களிடம் மூன்று வேண்டுகோள். முதலாவது, வீட்டுப் பெரியவரிடம் "மருந்து சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதோடு நிற்காமல் கிளினிக் அட்டையை வாங்கிப் பாருங்கள். ஆண்டுக்கொரு முறை கண், சிறுநீர், பாதப் பரிசோதனை நடந்ததா என்றும் கேளுங்கள். இரண்டாவது, தொடர் மருந்தை அஞ்சலில் பெறும் வசதி உண்டா என்று மருந்தகத்தில் விசாரியுங்கள். ஒரு நாள் கூலி மிஞ்சும். மூன்றாவது, தைப்பூசத்திற்கு வெறுங்காலுடன் நடக்குமுன் பாதத்தைக் காட்டி மருத்துவரின் ஆலோசனை கேளுங்கள். உணர்ச்சியற்ற காலுக்குத் தார்ச்சாலையின் சூடு தெரியாது.

வாரியத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். அன்னதானத்திற்கு ஓடும் வண்டி, மாதம் ஒரு நாள் முதியவர்களைக் கிளினிக்குக்கு ஏற்றிச் செல்லட்டும். அதுவும் அறம்தான்.