செய்தியில் பேசுபவர் யார்?



தமிழகத்தை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர்க்குச் செய்தித்தாள் படிப்பது இரு மடங்கு வேலை. ஊர்ச் செய்தியைத் தமிழில் படிக்கிறோம். வாழும் மாநிலத்தின் செய்தியை ஆங்கிலத்திலோ அவ்விடத்து மொழியிலோ அறிகிறோம். ஒரே நிகழ்ச்சி இரண்டு ஏடுகளில் இரண்டு விதமாகத் தோன்றும்போது, 'இவற்றுள் எது உண்மை?' என்ற வினா வீட்டில் எழுகிறது. அதற்கு முன்னரே கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு. 'இங்கே பேசுபவர் யார்?' என்பதே அது. செய்தி உலகில் வழங்கும் சில சொற்களின் பொருளைத் தெளிந்துகொண்டால், அதற்கு விடை காண்பது எளிதாகும்.

முதலில் 'செய்தி', 'தலையங்கம்' என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்வோம். நடந்தது இன்னதென்று கூறுவது செய்தி. நடந்ததைப்பற்றி ஏடு தன் கருத்தைக் கூறுவது தலையங்கம். தலையங்கத்தில் ஏடு தன் சொந்தக் குரலில் பேசுகிறது, அதில் தவறில்லை. செய்தியின் உடையில் கருத்து வந்து நிற்கும்போதுதான் படிப்பவர் ஏமாறுகிறார்.

அடுத்தது 'தணிக்கை'. அச்சேறுமுன் அரசிடம் காட்டி இசைவு பெறவேண்டும் என்பது முன்தணிக்கை. நம் அரசியலமைப்பில் பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியே ஒரு விதி கிடையாது. 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு அளிக்கும் பேச்சுரிமையிலும் கருத்துரிமையிலும் அது அடங்கியிருக்கிறது. 1950ஆம் ஆண்டில், பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் ஏடு தன் மாநிலத்தினுள் நுழையக்கூடாதென்று சென்னை அரசு தடை விதித்தது. எழுதும் உரிமை மட்டும் இருந்து, எழுதியதைப் பரப்பும் உரிமை இல்லையேல் பயனில்லை என்ற கருத்தை ஏற்று, உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. தில்லியில் 'ஆர்கனைசர்' ஏட்டின்மீது விதிக்கப்பட்ட முன்தணிக்கையும் அவ்வாண்டிலேயே செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. ஒன்று இடதுசாரி ஏடு. மற்றொன்று அதற்கு நேர் எதிரான கொள்கையுடையது. உரிமை இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தது என்பது இங்கே கருதத்தக்கது. 1951இல் வந்த முதல் திருத்தம், பொது ஒழுங்கு முதலிய காரணங்களை முன்னிட்டுச் சட்டத்தால் கட்டுப்பாடு விதிக்க இடமளித்தது. ஆயினும் அக்கட்டுப்பாடு நியாயமானதாக இருத்தல் வேண்டும்.

1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது தணிக்கை மீண்டும் வந்தது. அந்நாளில் சில ஏடுகள் தலையங்கம் இருக்கவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு வெளியிட்டன. ஓர் எழுத்தும் இல்லாத அவ்விடம், பேசவேண்டியவர் பேசவிடப்படவில்லை என்பதை வாசகருக்கு உணர்த்திற்று.

இனி, நாள்தோறும் கண்ணிற்படும் 'வட்டாரங்கள்' என்ற சொல்லைக் காண்போம். 'நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன' என்றால், பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் பேசியிருக்கிறார் என்பது பொருள். அவர் உண்மையைச் சொல்லிப் பதவியை இழக்க அஞ்சும் நேர்மையாளராக இருக்கலாம். மக்கள் என்ன நினைப்பார்கள் என்று ஆழம் பார்க்க விரும்பும் அரசியல்வாதியாகவும் இருக்கலாம். ஆதலின், 'இச்செய்தி பரவுவதால் பயன் பெறுபவர் யார்?' என்று எண்ணிப் பார்ப்பது நலம். 'மறுப்பு' என்பதும் அத்தகையதே. சொல்லப்பட்டது முழுவதையும் மறுக்கிறாரா, ஏதோ ஒரு சிறு பகுதியை மட்டும் மறுத்து எஞ்சியதைப் பற்றி வாய் திறவாமலிருக்கிறாரா என்பதைக் கூர்ந்து நோக்கவேண்டும்.

தேர்தல் காலத்தில் அறியவேண்டிய சொல் 'கட்டணச் செய்தி'. வேட்பாளரிடம் பணம் பெற்றுக்கொண்டு, அவரைப் புகழ்வதைச் செய்திபோல் வெளியிடுவது இது. 2009ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலையொட்டி இதைப்பற்றிப் பெரும் முறையீடு எழுந்தது. இந்தியப் பத்திரிகைக் குழுமம் ஆராய்ந்து 2010இல் அறிக்கை வெளியிட்டது. விளம்பரம் என்றால் அது விளம்பரமென்று வாசகருக்குத் தெரிகிறது; செலவும் வேட்பாளரின் தேர்தல் கணக்கில் ஏறுகிறது. கட்டணச் செய்தியோ வாசகரையும் ஏமாற்றுகிறது, கணக்கையும் ஏமாற்றுகிறது. இதைக் கண்காணிக்கத் தேர்தல் ஆணையம் மாவட்டந்தோறும் குழுக்கள் அமைத்துள்ளது. ஆயினும் வாசகரின் விழிப்பே முதற்காவல்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் எங்களுக்கு மிகுந்த அச்சம் தருபவை சிறிய சொற்களே. 'கூறினார்' என்பது ஒன்று. 'ஒப்புக்கொண்டார்' என்பது வேறு. பின்னதில், சொன்னவர் முன்பு எதையோ மறைத்தார் என்ற குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், உள்ளூர்த் தேர்தலில் நின்ற ஒருவரைப்பற்றிய சிறு செய்தியை அவசரத்தில் தமிழாக்கினோம். 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'குற்றவாளி' என்று எழுதிவிட்டோம். மூத்தவர் ஒருவர் மறுநாள் அச்சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "நீதிபதி எழுதுமுன் நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்களே" என்றார். திருத்தம் வெளியாயிற்று. ஆனால் முதல் நாள் அச்சொல்லைப் படித்தவர் அனைவரும் மறுநாள் திருத்தத்தையும் படித்திருப்பார்கள் என்று எவ்வாறு உறுதி கூறுவது? வாக்களிக்கச் சென்றவருள் எத்தனை பேர் எங்கள் பிழையை மனத்தில் சுமந்து சென்றனரோ! அந்த எண்ணம் இன்றும் எங்களை விட்டு அகலவில்லை.

இக்காலத்தில் செய்தியைப் பரப்புபவர் பத்திரிகையாளர் மட்டுமல்லர். கைபேசியில் வந்ததை ஊரிலுள்ள உறவினருக்கு அனுப்பும் நாம் ஒவ்வொருவரும் அப்பணியைச் செய்கிறோம். தொலைவில் வாழும் நம் சொல்லுக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டு. 'தில்லியில் இருக்கும் மாமா சொன்னார்' என்றால், மேலும் ஆராயாமல் நம்புபவர் பலர். அம்மதிப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளாகும்.

ஆகவே, ஒரு செய்தியை அனுப்புமுன் மூன்று வினாக்களை எழுப்புவோம். பேசுபவர் யார்? அவர் கண்டதைச் சொல்கிறாரா, கருதியதைச் சொல்கிறாரா? எதிர்த்தரப்பின் சொல்லும் இதில் உண்டா? விடை கிடைக்காவிடில், அனுப்பாமல் இருப்பதால் ஒருவருக்கும் நட்டமில்லை. வாக்குரிமை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நம் கைக்கு வருகிறது. சொல்லோ நாள்தோறும் நம் கையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே பொறுப்புடன் ஆள்வோமாக.