கலைக்கு ஒரு புறம்போக்கு



இலண்டன் மாநகரில் கிங்ஸ் கிராஸ் என்று ஒரு பெரிய புகைவண்டி நிலையம் உண்டு. பொதுமக்கள் காசு போட்டுப் பேசும் தொலைபேசிக் கூண்டுகள் அங்கே ஒரு காலத்தில் பல இருந்தன. 1994-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ஆம் நாள் அக்கூண்டுகளிலிருந்த தொலைபேசிகள் ஒலித்தன. வழிப்போக்கர் சிலர் எடுத்துப் பேசினார்கள். மறுமுனையில் இருந்தவர் யாரென்று இவர்களுக்குத் தெரியாது. இவர்கள் யாரென்று அவருக்கும் தெரியாது. ஹீத் பன்டிங் என்னும் ஆங்கிலக் கலைஞர் அந்தத் தொலைபேசிகளின் எண்களையெல்லாம் தொகுத்து இணையத்தில் வெளியிட்டிருந்தார். குறித்த நாளில் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், மணியை மட்டும் ஒலிக்கச் செய்து விட்டுவிடலாம், முன்பின் அறியாதவரோடு உரையாடவும் செய்யலாம் என்று அழைப்பும் விடுத்திருந்தார். அதன் விளைவுதான் அது.

இதுவும் ஒரு கலையா? இதில் வண்ணம் எங்கே, கல் எங்கே, இராகம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. கையில் எடுத்துக் காட்டுவதற்கு இதில் ஒன்றும் இல்லைதான். கூப்பிட்டவரும் எடுத்தவரும் சேர்ந்த கணத்தில் அது உண்டாயிற்று. பேச்சு முடிந்ததும் மறைந்துவிட்டது. ஆயினும் நாடகம் முடிந்து திரை விழுந்தபின் மேடையில் எஞ்சுவது என்ன? அதையும் கலை என்றுதானே சொல்கிறோம்!

ஓர் ஓவியத்தைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டால் அது இணையக் கலை ஆகிவிடாது. அங்கே இணையம் வெறும் சுவர். ஓவியம் அதில் மாட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். எந்தப் படைப்பு இணையம் இல்லையேல் பிறந்தே இருக்காதோ அதுவே இணையக் கலை. மாஸ்கோவைச் சேர்ந்த ஓலியா லியாலினா என்னும் பெண்மணி 1996-இல் ஒரு படைப்பைச் செய்தார். போரிலிருந்து திரும்பி வந்த காதலனும் அவனுக்காகக் காத்திருந்த பெண்ணும் பேசிக்கொள்வதே அதன் கதை. கறுப்பு வெள்ளைப் படங்கள் சில. குறுகிய சொற்றொடர்கள் சில. பார்ப்பவர் ஓரிடத்தில் தொட்டால் திரை இரண்டாகப் பிளக்கும். மறுபடி தொட்டால் மேலும் பிளக்கும். பேச்சு வளர வளரக் கட்டங்கள் சிறுத்துக்கொண்டே போகும். இறுதியில் வெறுங் கறுப்புக் கட்டங்களே மிஞ்சும். இருவரும் ஒரே அறையில் இருந்தும் ஒருவரையொருவர் எட்ட முடியாத நிலையை அத்திரையின் பிளவே சொல்லிவிடுகிறது. புத்தகத்தாலும் சினிமாவாலும் அதைச் சொல்ல முடியும். ஆனால் இந்த விதமாகச் சொல்ல முடியாது. அக்கதையைப் பிற கலைஞர் பலர் தத்தம் வழியில் மீண்டும் செய்து பார்த்தார்கள். லியாலினா அவர்களோடு வழக்குக்குப் போகவில்லை. அப்படைப்புக்களையெல்லாம் தாமே ஒருங்கு சேர்த்து வைத்தார்.

இந்தக் கலைஞர் கூட்டத்தின் இயல்பு அது. மற்றொரு நிகழ்ச்சி. ஜெர்மனியின் காசெல் நகரில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ‘டாக்குமென்டா’ என்ற பெருங் கலைக் கண்காட்சி நடைபெறுகிறது. 1997-இல் அக்கண்காட்சியில் முதன்முறையாக இணையக் கலைக்கும் இடம் தந்தார்கள். கண்காட்சி முடிந்ததும் வலைத்தளத்தை மூடிவிடப் போவதாக அறிவிப்பு வந்தது. ஸ்லோவேனிய நாட்டில் வாழும் வுக் சோசிச் என்னும் கலைஞர் என்ன செய்தார் தெரியுமா? அந்த வலைத்தளம் முழுவதையும் பிரதி எடுத்துத் தம்முடைய இடத்தில் வைத்துவிட்டார். அதையே தம் படைப்பு என்றும் சொன்னார். திருட்டு என்று சொல்வோர் சொல்லலாம். எல்லோரும் நடக்கும் பாதைக்கு ஒருவர் வேலி போட வந்தபோது இன்னொருவர் அதைத் தடுத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எல்லோரும் நடக்கும் பாதை என்றேன். நம் நாட்டு நிலப் பதிவேட்டில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. அதுதான் புறம்போக்கு. வரி விதிக்கப்பட்ட சாகுபடி நிலத்திற்குப் புறம்பாக, ஒருவருக்கும் பட்டா இல்லாமல், பொது உபயோகத்திற்கென்று விடப்பட்ட நிலத்திற்கு அப்பெயர். ஏரியும் ஓடையும் மேய்ச்சல் நிலமும் களமும் சுடுகாடும் வண்டிப்பாதையும் புறம்போக்கே. ஊருக்கு இன்றியமையாத இந்த நிலங்களின் பெயர், காலப்போக்கில் உதவாக்கரை மனிதனைத் திட்டும் வசையாக மாறிவிட்டது. விலை இல்லாதது பயன் இல்லாதது என்று எண்ணப் பழகிவிட்டோம் போலும்!

அவ்வசையைத் திருப்பிப் போட்ட ஒரு பாட்டு உங்கள் மாவட்டத்து எல்லையிலேயே பிறந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் செல்லும் மாணவர்கள் மீஞ்சூரையும் அத்திப்பட்டையும் கடந்து எண்ணூரை நெருங்கும்போது, கொசத்தலை ஆற்றின் மேல் வண்டி செல்வதைக் கண்டிருப்பீர்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் ஊடாக ஓடிவரும் அந்த ஆறு அங்கேதான் கடலோடு கலக்கிறது. கிழக்குப் புறமாகப் பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். நிலக்கரியை எரித்த சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே குட்டைக்கு அனுப்புவார்கள். அக்குழாய்களில் உடைப்பு ஏற்பட்டுச் சாம்பல் கழியில் இறங்கிப் படிந்தது. படகு சென்ற நீர்வழி மேடிட்டது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தவர்களின் பிழைப்புக் குன்றியது.

2017-ஆம் ஆண்டு ஜனவரியில் ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ என்னும் காணொளி இணையத்தில் வெளியாயிற்று. பாட்டை எழுதியவர் கபேர் வாசுகி. இராகமாலிகையாக அமைத்தவர் வயலின் வித்துவான் ஆர். கே. ஸ்ரீராம்குமார். பாடியவர் டி. எம். கிருஷ்ணா. படம் எடுத்தவர் ரதீந்திரன் பிரசாத். எண்ணூர்க் கழியைக் காக்க நெடுங்காலமாக உழைத்து வரும் நித்யானந்த் ஜெயராமன் முதலியோர் இதற்குப் பின்னால் இருந்தார்கள். ஆனந்தபைரவி முதலான இராகங்களில் சென்னைத் தெருவின் பேச்சுமொழி ஒலித்தது. கச்சேரி மேடையில் அம்மொழி அதுவரை ஏறியதில்லை. பின்னால் திரைச்சீலைக்குப் பதில் சாம்பலும் புகைபோக்கியும் இருந்தன.

இதனைக் கண்டிப்பான இலக்கணப்படி இணையக் கலை என்று சொல்லலாமா? நான் முன்பு சொன்ன வரையறையின்படி பார்த்தால் ஐயம் எழுவது இயல்பே. பாடலும் இணையத்திற்கு முற்பட்டது, படமும் முற்பட்டது. ஆயினும் இப்பாட்டை எந்தச் சபாவும் கேட்டு வாங்கியதில்லை. நுழைவுச் சீட்டு விற்கவும் இல்லை. கிருஷ்ணா 2015-இலேயே சென்னை மார்கழி சபாக் கச்சேரிகளில் இனிப் பாடுவதில்லை என்று அறிவித்துவிட்டவர். இணையம் என்னும் பொது வெளி இல்லையேல் இப்பாட்டு இந்த உருவத்தில் இந்த இடத்திலிருந்து புறப்பட்டிராது. எனவே வாயிற்படியில் நிற்பதாயினும் இதை உள்ளே அழைக்கவே நான் விரும்புகிறேன். இதற்கு முன்னோடியும் தமிழ்நாட்டில் உண்டு. கொடைக்கானலில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரச நஞ்சைக் குறித்துச் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் 2015-இல் பாடி வெளியிட்ட காணொளி கடல் கடந்து பேசப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அத்தொழிற்சாலையின் பழைய தொழிலாளருக்கும் கம்பெனிக்கும் உடன்பாடு ஏற்பட்டது. பாட்டினால்தான் உடன்பாடு வந்தது என்று சொல்லுதல் மிகை. தொழிலாளர் பல்லாண்டுகள் போராடியிருந்தார்கள்.

பொது நிலம் என்றால் யாரும் எப்படியும் புழங்கலாம் என்பதல்ல பொருள். இதனைப் பழவேற்காட்டு மீனவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். பொன்னேரியிலிருந்து கொஞ்ச தூரத்தில்தானே இருக்கிறது அந்த ஏரி! அங்கே இறால் வலை விடுவதற்கு நல்ல துறைகள் சிலவே. ஆகவே எந்தத் துறையில் எவர் எப்போது வலை விடுவது என்பதை முறை வைத்தும் சீட்டுக் குலுக்கியும் ஊரார் தீர்மானிக்கும் வழக்கம் உண்டு. இதற்குப் பாடு என்று பெயர். வலியவன் நாள்தோறும் நல்ல துறையைப் பிடித்துக்கொள்ள இதில் வழியில்லை. ஆயின் ஒரு குறையும் உண்டு. பரம்பரை உரிமை உள்ள சில ஊராருக்கும் சமூகத்தாருக்குமே பாடு உண்டு. ஏனையோர் கரையில் நிற்க வேண்டியதுதான்.

இணையக் கலைஞர்களுக்கும் ஒரு பாடு வேண்டியிருந்தது. அதனைத் தேடியவர்களில் நம் நாட்டவரும் உண்டு. ஜீபேஷ் பாக்சி, மோனிகா நருலா, சுத்தபிரத சென்குப்தா என்னும் மூவர் தில்லியில் 1992-இல் ‘ராக்ஸ்’ என்ற கலைக்குழுவைத் தொடங்கினார்கள். அவர்கள் அமைத்த ‘ஓபஸ்’ என்னும் இணைய வெளி, 2002-இல் அதே காசெல் நகரத்துக் கண்காட்சியில் இடம்பெற்றது. ஒருவர் அதில் ஒரு படத்தையோ ஒலியையோ எழுத்தையோ இடுவார். மற்றொருவர் அதை எடுத்து மாற்றி, வேறொன்றாகச் செய்து மீண்டும் இடலாம். ஆனால் எதிலிருந்து எது பிறந்தது என்னும் வமிசாவளி அழியாமல் நிற்கும். ஏட்டுச்சுவடிகளில் பாடபேதம் என்று நம் புலவர்கள் சொன்னார்களே, அதற்கு ஒப்பானது இது. ஒரு முக்கியமான வித்தியாசம்: பதிப்பாசிரியர் பாடபேதங்களுள் மூலம் எது என்று தேடுவார், இங்கே ஒவ்வொரு பேதமும் தனக்குத்தானே மூலம். பின்னர் 2008-இல் மும்பையில் தொடங்கிய ‘பாட்மா’ என்னும் காணொளிக் களஞ்சியம், முடிந்த படங்களைவிட எடுத்துப் பயன்படுத்தாமல் விட்ட காட்சிகளையும் குறிப்புரையோடு பொதுவில் வைத்தது. அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கிக்கொள்ள ஊருக்கு உரிமை தந்ததுபோல!

கரையில் நிற்பவர்கள் இங்கும் இருந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. பன்டிங் இலண்டனில் தொலைபேசிகளை ஒலிக்கச் செய்தபோது இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையமே வரவில்லை. அது வந்தது 1995 ஆகஸ்டு 15-இல். வந்த பின்னும் ஆங்கிலமும் கணிப்பொறியும் கைவசம் உள்ளவருக்கே வலை விடும் துறை கிடைத்தது.

இனி, இந்தக் கலைக்கு வந்த ஆபத்தைச் சொல்ல வேண்டும். கற்சிற்பம் ஆயிரம் ஆண்டு நிற்கிறது. இணையப் படைப்போ, அதைத் தாங்கும் இயந்திரமும் நிரலும் உள்ளவரையே உயிரோடிருக்கும். சாதாரண மக்கள் தாமே பக்கங்கள் அமைத்துக்கொண்ட ‘ஜியோசிட்டீஸ்’ என்னும் பெருந்தளத்தை அதன் உரிமையாளரான யாஹூ கம்பெனி 2009 அக்டோபரில் மூடிவிட்டது. தன்னார்வலர் சிலர் இரவு பகலாகப் பிரதி எடுத்தமையால் ஒரு பகுதி தப்பியது; முன்பு சொன்ன லியாலினாவே பின்னர் அவற்றை ஆராய்ந்து காட்டினார். ‘ஃப்ளாஷ்’ என்னும் நிரலை நம்பி எண்ணற்ற அசையும் படைப்புக்கள் செய்யப்பட்டிருந்தன. 2020 டிசம்பர் 31-உடன் அந்நிரலுக்கு அடோபி கம்பெனி ஆதரவை நிறுத்தியது. அவை திறவாமல் போயின. பழைய நிரலைப்போலப் பாவனை செய்யும் புதிய நிரல்களை எழுதி அவற்றுட் பலவற்றை மீட்கிறார்கள். 1996-இல் தோன்றிய ‘ரைசோம்’ என்னும் நிறுவனம் இப்பணியையே விரதமாகக் கொண்டிருக்கிறது.

நமக்கு இந்த அனுபவம் புதியது அன்று. கறையான் அரித்த ஏட்டைப் பெயர்த்தெழுதியே இலக்கியத்தைக் காத்தவர்கள் நாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளிலிருந்த தமிழர்கள் கூலி எதிர்பாராமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றினார்கள். தமிழ் எழுத்தைக் கணிப்பொறியில் குறிக்கும் முறை டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறிய போது, நூல்களையும் உடன் மாற்றி எழுதினார்கள். அப்படிச் செய்யாதிருந்தால் அவை புரியாத குறிகளின் குவியலாகப் போயிருக்கும்.

எண்ணூர்ப் பாட்டின் நிலைமை என்ன? கழியில் மீண்டும் கேடு வந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்து அங்கே பரவிற்று. பாட்டு யூடியூபில் இருக்கிறது. காசு கொடாமல் யாரும் கேட்கலாம். ஆனால் அது இருக்கும் இடம் புறம்போக்கு அன்று, பட்டா நிலம். பட்டாதாரர் கலிபோர்னியாவில் இருக்கிறார். அவர் இடம் தரும் வரையில் அது அங்கே இருக்கும்.