வேலை இடத்தில் ஒரு தொட்டில்

1969-ஆம் வருஷம், டெல்லி ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கட்டட வேலை நடந்தது. சித்தாள் வேலை பார்த்த தாய்மார்களின் கைக்குழந்தைகள் வெயிலிலும் புழுதியிலும் கிடந்தன. அதைப் பார்த்த மீரா மகாதேவன் என்பவருக்கு மனம் பொறுக்கவில்லை. அங்கேயே ஒரு கூடாரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். 'மொபைல் கிரெச்சஸ்' அமைப்பு அப்படித்தான் பிறந்தது.

2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு தந்தது. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் தினமும் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் சொன்னது.

அந்தமானில் கராச்சர்மா போன்ற ஊரில் சின்னக் கடைகளில் வேலை பார்க்கும் தாய்மார்களை இந்த 50 என்ற கணக்கு எட்டாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியும் பல வீடுகளில் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்தால் போதும்: ஓர் அறை, நல்ல தண்ணீர், நம்பிக்கையான ஓர் ஆயா. சட்டம் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாமே! அப்பாக்களும் நேரத்தோடு வீடு திரும்ப வழிவிடுங்கள். பிள்ளை பத்திரமாக இருந்தால், பெற்றவர்களுக்கு வேலையில் மனம் நிற்கும்.