திலகவதியார் இருந்தபடியால்

(சங்கத்தின் கூட்டுப் பிரார்த்தனையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இறைவன் எம்மை ஆக்கும் விதம்" என்ற தலைப்பைத் தந்து பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் சமயம் படிப்பித்தவன் அல்ல. ஊரிலே கணக்கு வாத்தியார். 1990இல் அகதியாகச் சுவிசுக்கு வந்து, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் குசினியில் கோப்பை கழுவியவன். எனக்குத் தெரிந்த அளவில்தான் சொல்லுவேன்.

அப்பர் சுவாமிகளின் கதையைப் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். மருள்நீக்கியார் சமணத்துக்குப் போய்த் தருமசேனர் ஆனது, சூலை நோய் வந்தது, திருவதிகையில் பாடி நாவுக்கரசர் ஆனது எல்லாம் தெரியும். நான் பேச விரும்புவது அவருடைய தமக்கையைப் பற்றி.

சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் வரலாறு இது. திருவாமூரில் திலகவதியாருக்குப் பன்னிரண்டு வயதில் கலிப்பகையார் என்ற படைத்தலைவரைப் பேசி முற்றாக்கினார்கள். அவர் போருக்குப் போனார். அதற்கிடையில் தகப்பன் நோயில் இறந்தார். தாயும் அவரோடு போய்விட்டார். பிறகு போர்க்களத்திலிருந்து செய்தி வந்தது, கலிப்பகையாரும் இல்லை. யோசித்துப் பாருங்கோ. இந்த மண்டபத்திலே எத்தனை பேருக்கு இது புராணக் கதை இல்லை! அவரும் சாகத்தான் நினைத்தார். "நீங்களும் போனால் நான் முதல் போவேன்" என்று தம்பி காலில் விழுந்து அழுதபடியால் உயிரோடு இருந்தார்.

இருந்தார், அவ்வளவுதான். தம்பி நாவுக்கரசர் ஆவார் என்று அந்த நேரம் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தம்பியோ வளர்ந்ததும் தமக்கையின் சமயத்தையே விட்டுப் போனார். திலகவதியார் திருவதிகைக்குப் போய், விடியமுன் கோயில் முற்றம் கூட்டி, மெழுகி, பூவெடுத்து, தம்பிக்காக முறையிட்டுக்கொண்டே இருந்தார். நோயோடு அவர் இரவிலே திரும்பி வந்தபோது, திருநீறு கொடுக்க அங்கே ஒரு அக்கா இருந்தார்.

இதை வைத்து "எல்லாம் நன்மைக்கே" என்று நான் சொல்ல வரவில்லை. செத்தவீட்டிலே போய் அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். நாவுக்கரசரை ஆக்கவே கலிப்பகையாரை இறைவன் எடுத்தான் என்று கணக்குப் போட எனக்குத் துணிவில்லை. எஞ்சியிருந்ததை அவன் வீணாக விடவில்லை. அந்த அளவுதான் என் நம்பிக்கை.

என்ரை அக்காவும் கலியாணம் முடிக்கவில்லை. பேசி வைத்திருந்தவர் 1987இல் ஷெல் பட்டுப் போனார். தன்னுடைய சங்கிலியையும் காப்பையும் விற்றுத்தான் அக்கா என்னை அனுப்பினா. வந்த முதல் பனிக்காலத்தில் அவவுக்கு எழுதினேன்: "கோப்பை கழுவவோ கடவுள் என்னைப் படிக்க வைச்சவர்?" பதில் வர இரண்டு மாதம் சென்றது. தத்துவம் ஒன்றும் எழுதவில்லை. "கை வெடிக்கும், தேங்காயெண்ணெய் பூசு. அங்கை எங்கடை பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடு" என்று மட்டும் இருந்தது. அப்படித்தான் என் சனிக்கிழமை வகுப்புத் தொடங்கியது. முதல் நாள் மூன்று பிள்ளைகள். அதிலே ஒருத்தி இப்போது தன் மகனோடு முன்வரிசையில் இருக்கிறா.

போன கிழமை தொலைபேசியில் கேட்டேன், "அக்கா, நீங்கள் பிள்ளையாரோடை கோபிக்கேல்லையோ?"

"கோபிச்சனான்தான். ரண்டு வருசம் அந்தப் பக்கமே போகேல்லை. பிறகு ஒருநாள் முத்தத்துச் செவ்வரத்தை நிறையப் பூத்துக் கிடந்தது. வீணாப் போகுது எண்டு ஆய்ஞ்சு கொண்டு போனன்."